இணையப் பக்கத்தின் மேலேயே ஹைலைட் செய்து குறிப்பெழுத எந்தக் கருவி? ஐந்து பேருக்கு, பிடிஎஃபும் சேர்த்து

ஓரக்குறிப்பு:

வணக்கம். ஐந்து பேர் சேர்ந்து நீளமான கட்டுரைகளையும் சில பிடிஎஃப் கோப்புகளையும் வாசித்து விவாதிக்கும் குழு எங்களுடையது. இப்போதைக்கு வரியை வெட்டி ஒரு பொதுக் கோப்பில் ஒட்டி, அதன் கீழே ஆளாளுக்குக் கருத்து எழுதுகிறோம். எந்தப் பத்தியைப் பற்றிய பேச்சு என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

வேண்டியது: பக்கத்தின் மேலேயே கோடிட்டு ஓரத்தில் எழுத வேண்டும், மற்ற நால்வர் பார்த்துப் பதில் போட வேண்டும், போனிலும் ஓரளவுக்காவது வேலை செய்ய வேண்டும். பாதி வாசிப்பு தமிழில். நாளைக்கு அந்தச் சேவையை மூடினால் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்ப வழி வேண்டும்.

ஹைப்பாதிசிஸ் (பக்கத்தின் ஓரத்தில் குறிப்பெழுத விடும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது துணைநிரல்) போட்டுப் பார்த்ததில் இரண்டு சிக்கல். குழுவுக்குள் ஹைலைட் செய்தது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சில குறிப்புகள் ‘ஆர்ஃபன்ஸ்’ (இடம் கிடைக்காத குறிப்புகள்) என்ற தாவலுக்குப் போய்விட்டன. பக்கத்தில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. கருவி சரியில்லையா, பயன்படுத்தும் விதம் சரியில்லையா?

நூல்கண்டு:

முதல் சிக்கல் எளிது. ஹைப்பாதிசிஸில் வெறும் ஹைலைட் எப்போதும் அதைப் போட்டவருக்கு மட்டும்தான். எந்தக் குழுவில் இருந்தாலும் சரி. வரியைத் தேர்ந்தெடுத்ததும் ‘அன்னொடேட்’, ‘ஹைலைட்’ என்று இரண்டு பொத்தான் வருகிறதே, அதில் முதலாவதை அழுத்தி, மேலே குழுவின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ‘போஸ்ட்’ செய்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். எழுத ஒன்றும் இல்லையென்றால் ஒரு புள்ளியோ ஒரு டேகோ போட்டுப் போஸ்ட் செய்துவிடுங்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்க மறந்தால் குறிப்பு ‘பப்ளிக்’ பக்கம் போகும். இது வெறும் இடமாற்றம் மட்டுமல்ல. பப்ளிக்கில் எழுதுவது சிசி0 உரிமத்தில் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. போஸ்ட் செய்த குறிப்பை நேரடியாக வேறு குழுவுக்கு மாற்றும் வசதி கிடையாது. நகலெடுத்து, குழுவை மாற்றி, புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை அழிக்க வேண்டும். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி ஆர்ஃபன்ஸ். குறிப்பு பக்கத்துக்குள் சேமிக்கப்படுவதில்லை. வேறொரு சர்வரில் இருந்துகொண்டு, ‘இந்த முகவரியில், இந்த வரிக்கு எதிரில் என்னை நிறுத்து’ என்று மட்டும் சொல்கிறது. வரியை அடையாளம் காண மூன்று தடயம் வைத்திருக்கும். ஹெச்டிஎம்எல் மரத்தில், அதாவது பக்கத்தின் உள் அடுக்கமைப்பில், அந்த இடம் எந்தக் கிளையில் இருந்தது என்பது ஒன்று. பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனையாவது எழுத்து என்பது இரண்டு. வரியின் சொற்களும், அதற்கு முன்னும் பின்னும் 32 எழுத்துகளும் மூன்றாவது. பக்கம் திறக்கும்போது முதலாவதைப் பார்க்கும்; அது பொருந்தாவிட்டால் இரண்டாவது; அதுவும் இல்லையென்றால் சொற்களை வைத்துத் தேடும், சின்னச் சின்ன மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும். மூன்றும் கைவிட்டால் ஆர்ஃபன்ஸ். 2017 பிப்ரவரியில் டபிள்யூ3சி (இணையத் தரநிர்ணய அமைப்பு) வெளியிட்ட வெப் அன்னொடேஷன் தரநிர்ணயத்திலும் இந்தத் தடயங்களுக்கான வடிவம் இருக்கிறது.

வரி கண்ணெதிரே இருந்தும் ஆர்ஃபன்ஸில் விழுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: கருவி தேடிய நேரத்தில் அந்த வரி பக்கத்துக்குள் வந்திருக்கவில்லை. ‘மேலும் வாசிக்க’ அழுத்தினால்தான் மீதி வரும் பக்கங்கள், கீழே இறங்க இறங்க ஏறும் பக்கங்கள் எல்லாம் இந்த ரகம். முதலில் எல்லாவற்றையும் விரித்து, கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் செய்துவிட்டு, அதன் பிறகு எக்ஸ்டென்ஷனை இயக்கிப் பாருங்கள். பல குறிப்புகள் தம் இடத்துக்கே வந்துவிடும். கட்டணச் சுவருக்கு வெளியே நிற்பவருக்கும் இதே கதைதான். சந்தா உள்ளவர் எட்டாம் பத்தியில் போட்ட குறிப்பு, இரண்டே பத்தி பார்க்கிறவருக்கு ஆர்ஃபனாகத்தான் தெரியும்.

முகவரியிலும் சிக்கல் உண்டு. பகிரும்போது வாலில் ஒட்டிக்கொள்ளும் யூடிஎம் வகைத் (எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுக்கும்) துணுக்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கும். ஆனால் மொபைல் பதிப்புக்குத் தனி முகவரி, அச்சுப் பதிப்புக்குத் தனி முகவரி, நீளக் கட்டுரையை மூன்று பக்கமாக உடைத்தது ஆகியவற்றில் தளம் ‘கெனானிக்கல்’ லிங்க் (இதுதான் மூல முகவரி என்று பக்கத்துக்குள் சொல்லும் லிங்க்) கொடுத்திருந்தால் ஒன்றாகப் பார்க்கும், கொடுக்காவிட்டால் வேறு வேறு பக்கம். சில தளங்கள் எல்லாப் பக்கத்திலும் முகப்புப் பக்கத்தையே கெனானிக்கலாகப் போட்டு வைத்திருக்கும். அங்கே ஒரு கட்டுரையின் குறிப்புகள் வேறு கட்டுரையின் ஆர்ஃபன்ஸில் வந்து குவியும். கருவியைத் திட்டிப் பயனில்லை. குழுவில் ஒருவர் ஒரே லிங்கை அனுப்பட்டும், எல்லோரும் அதையே திறக்கட்டும்.

வரி உண்மையிலேயே திருத்தப்பட்டுவிட்டால்? ஆர்ஃபன் அட்டையைத் திறந்தால் மேற்கோள் வரி அப்படியே இருக்கும். குறிப்பின் தேதியைப் பார்த்து, வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் தளம்) அந்தத் தேதிக்கு நெருக்கமான பிரதியைத் திறந்து ஒப்பிடுங்கள். இதற்காகவே, விவாதத்துக்கு ஒரு கட்டுரையை எடுத்த அன்றே வேபேக்கில் ‘சேவ் பேஜ் நௌ’ போட்டுவிடுவது நல்லது. ஒரு நிமிட வேலை.

கரையான்:

நூல்கண்டு சொன்னதெல்லாம் சரி. ஆனால் சேவையை மூடினால் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்புவது எப்படி என்பதை அவர் தொடவில்லை. உயிரோடு இருக்கும் பக்கத்தின் மேல் எழுதுவது மணலில் எழுதுவதுதான். விவாதம் நடக்கும் இரண்டு வாரத்துக்கு ஹைப்பாதிசிஸ் போதும். ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், குறிப்பு அந்தப் பிரதியின் மேல் இருக்க வேண்டும்.

இந்தத் துறையில் மூடுவிழா ஒன்றும் புதிதல்ல. பக்கத்தின் ஓரத்தில் கருத்து எழுத விட்ட கூகுள் சைட்விக்கி 2009 செப்டம்பரில் வந்தது, 2011 முடிவதற்குள் போனது. கட்டுரைகளைச் சேமித்து வாசிக்கும் ஆம்னிவோர் 2024 அக்டோபர் கடைசியில் அறிவித்து, நவம்பரில் கதவைச் சாத்தியது. அதே வகையைச் சேர்ந்த பாக்கெட் 2025 ஜூலை 8-இல் நின்றது. குறிப்புச் செயலியான எவர்நோட் மூடப்படவில்லை, ஆனால் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்பு, ஒரே நோட்புக் என்று சுருக்கிவிட்டது. அதுவும் ஒருவகையில் மூடுவதுதான்.

பிரதி வைத்து வேலை செய்ய இன்றைக்கு எனக்குத் தெரிந்து முதலிடம் ஜோட்டெரோவுக்கு. ஆய்வாளர்களின் நூற்பட்டியல் கருவி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃபை உள்ளேயே வாசித்துக் கோடிடலாம். 2024 ஆகஸ்டில் வந்த 7-இலிருந்து இபப் (மின்னூல்) கோப்பையும், சேமித்த இணையப் பக்கத்தையும் அதே மாதிரி கோடிடலாம்.

செய்முறை: பிரவுசரில் ஜோட்டெரோ கனெக்டர் போடுங்கள். கட்டுரையைத் திறந்து, கடைசி வரை ஒருமுறை இறக்கிவிட்டு (பின்னால் ஏறும் படங்கள் வரட்டும்), கனெக்டர் பொத்தானை அழுத்துங்கள். கட்டுரைப் பதிவும் அதன் கீழே ‘ஸ்னாப்ஷாட்’ (பக்கத்தின் பிரதி) ஒன்றும் சேரும். ஸ்னாப்ஷாட்டை இருமுறை சொடுக்கினால் ஜோட்டெரோவுக்குள்ளேயே திறக்கும். பிடிஎஃபில் ஹைலைட், அடிக்கோடு, ஒட்டுக்குறிப்பு, பகுதியைப் படமாக வெட்டுதல், கையால் வரைதல் எல்லாம் உண்டு. ஸ்னாப்ஷாட்டில் ஹைலைட், அடிக்கோடு, ஒட்டுக்குறிப்பு மட்டும்தான். முடித்ததும் பதிவின் மேல் வலது சொடுக்கில் ‘ஆட் நோட் ஃப்ரம் அன்னொடேஷன்ஸ்’ கொடுத்தால் எல்லா மேற்கோளும் உங்கள் குறிப்பும் ஒரே தாளில் வரிசையாக விழும். மேற்கோளைச் சொடுக்கினால் மூல இடத்துக்கே கூட்டிப்போகும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பிடிஎஃபின் மேல் போட்ட கோடுகள் கோப்புக்குள் இல்லை, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஃபோல்டரிலிருந்து கோப்பை நேராக எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினால் எதிராளிக்கு வெறும் பிடிஎஃப்தான் போகும். ஏற்றுமதி வழியாகக் குறிப்புகளையும் சேர்த்து எழுதச் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு, அதே கட்டுரையை மறுபடி சேமித்தால் புதிய ஸ்னாப்ஷாட் வெறுமையாக வரும். குறிப்புகள் பழைய ஸ்னாப்ஷாட்டிலேயே இருக்கும். காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம். மூன்று, இலவசக் கோப்பு இடம் 300 எம்பி. குறிப்புகளும் பதிவுகளும் அந்தக் கணக்கில் வராது, கோப்புகள்தான் வரும். குழு நூலகத்தில் போடும் கோப்புகள் குழுவைத் தொடங்கியவரின் கணக்கில் விழும். எனவே யார் தொடங்குவது என்று யோசித்துத் தொடங்குங்கள்.

ஜோட்டெரோ வேண்டாம் என்பவர்களுக்கு சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷன். முழுப் பக்கத்தையும் படங்களோடு ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக மடித்துத் தரும், எந்தப் பிரவுசரிலும் திறக்கும். சேமிப்பதற்கு முன் கோடிடவும் ஒட்டுக்குறிப்பு வைக்கவும் அதிலேயே திருத்தி உண்டு. படங்களை எழுத்தாக மாற்றி உள்ளே பதிப்பதால் அவற்றின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். படம் நிறைந்த பக்கம் கனமாகத்தான் இருக்கும்.

ஓரக்குறிப்பு:

இருவருக்கும் நன்றி. ‘மேலும் வாசிக்க’ விஷயம் சரிதான், விரித்துவிட்டு இயக்கினால் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன.

இன்னும் இரண்டு கேள்வி. போனில் எக்ஸ்டென்ஷன் போட முடியாத இடத்தில் என்ன செய்வது? எங்கள் பிடிஎஃப்களில் சில பழைய புத்தகங்களின் ஸ்கேன், சில கணினியில் தட்டச்சு செய்தவை. ஸ்கேனில் வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. தட்டச்சு செய்ததில் தேர்ந்தெடுக்க முடிகிறது, ஆனால் குறிப்பில் மேற்கோளாக வருவது புரியாத எழுத்துக்குவியல்.

பிட்சிட்டை:

போன் பற்றி மட்டும் சொல்கிறேன், பிடிஎஃபை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

ஹைப்பாதிசிஸுக்கு ‘வியா’ என்றொரு இடைத்தரகு சேவை இருக்கிறது. அதன் பக்கத்துக்குப் போய்க் கட்டுரையின் லிங்கை ஒட்டினால், குறிப்புப் பட்டியோடு சேர்த்துக் கட்டுரையைத் திறந்துதரும். எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். ஒருவர் வியா லிங்கை உருவாக்கிக் குழுவில் போட்டால் மற்றவர்கள் தட்டினாலே போதும். லாகின் வேண்டிய தளங்களை அதன் வழியாகத் திறக்காதீர்கள். பாதி திறக்காது, திறந்தாலும் உங்கள் பாஸ்வேர்டை இடையில் இருக்கும் ஒரு சர்வர் வழியாக அனுப்ப வேண்டியதில்லை. பொதுவில் திறந்திருக்கும் கட்டுரை, பிடிஎஃப் இரண்டுக்கும் பெரும்பாலும் ஓடும். சின்னத் திரையில் விரலால் வரியைத் தேர்ந்தெடுக்கும்போது போனின் சொந்த மெனு வந்து பொத்தானை மறைக்கும். கொஞ்சம் ஸ்க்ரோல் செய்தால் விலகும்.

ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து எக்ஸ்டென்ஷன்களைப் பரவலாகத் திறந்துவிட்டது. ஐஃபோனில் சஃபாரிக்கும் எக்ஸ்டென்ஷன் உண்டு. ஒப்சிடியன் என்ற குறிப்புச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் வெப் கிளிப்பரை (பக்கத்தை அந்தச் செயலிக்குச் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன்) இரண்டிலும் போடலாம். ஒன்று மட்டும் கவனம்: கிளிப்பரில் போட்ட ஹைலைட் அந்தப் பிரவுசரின் உள்ளூர்ச் சேமிப்பில்தான் இருக்கும். போனில் கோடிட்டது லேப்டாப்பில் தெரியாது. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் போயே போச்சு. கோடிட்டு முடித்த கையோடு கிளிப் செய்து குறிப்புப் பெட்டகத்துக்கு அனுப்பிவிடுங்கள். கிளிப் செய்த கட்டுரை மார்க்டவுன் (எளிய குறிகளுள்ள வெறும்) எழுத்தாக உங்கள் கோப்பாகிவிடும், ஆனால் படங்கள் மூலத் தளத்துக்கான லிங்காகவே இருக்கும். தளம் படத்தை எடுத்தால் உங்கள் குறிப்பிலும் ஓட்டை விழும். ஒப்சிடியனின் புதிய பதிப்புகளில் கட்டளைப் பலகையைத் திறந்தால், திறந்திருக்கும் குறிப்பின் படங்களையெல்லாம் இறக்கிக்கொள்ள ஒரு கட்டளை இருக்கிறது.

ஒரு வரியை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும், வேறொன்றும் இல்லை என்றால் கருவியே வேண்டாம். குரோமில் வரியைத் தேர்ந்தெடுத்து ‘காப்பி லிங்க் டு ஹைலைட்’ கொடுங்கள். அந்த லிங்கைத் திறப்பவருக்குப் பக்கம் நேராக அந்த வரிக்குப் போய் நிறம் காட்டும். குரோம் 80 (2020), சஃபாரி 16.1 (2022), ஃபயர்ஃபாக்ஸ் 131 (2024) முதல் எல்லாவற்றிலும் திறக்கும். கணக்கும் தேவையில்லை, சர்வரும் தேவையில்லை.

உயிர்மெய்:

பிட்சிட்டை சொன்ன ஹைலைட் லிங்க் தமிழில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. அதையும் பிடிஎஃபையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் நோய் ஒரே இடத்தில்தான்.

தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், 3 பைட். லிங்குக்குள் போகும்போது ஒரு பைட் மூன்று எழுத்தாகும் (சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும்). ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு. லிங்கில் 45 எழுத்து. பத்துச் சொல் உள்ள வாக்கியத்தை முழுதாக அடைத்தால் லிங்க் பயமுறுத்தும் நீளத்துக்குப் போகும், சில செய்திச் செயலிகள் அதை நடுவில் உடைத்தும்விடும். நீங்களே லிங்கைத் தயாரிப்பதாக இருந்தால் முதல் சொல், காற்புள்ளி, கடைசிச் சொல் என்ற வடிவத்தில் கொடுங்கள். இடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறம் விழும். மேற்கோளுக்குள்ளேயே காற்புள்ளியோ ஹைஃபனோ ஆம்பர்சாண்டோ இருந்தால் அவற்றைக் குறியீடாக மாற்றித்தான் போட வேண்டும். அப்படியே விட்டால் பிரவுசர் அவற்றை லிங்கின் இலக்கணமாக எடுத்துக்கொள்ளும்.

சொல்லின் நடுவில் வெட்டாதீர்கள். இந்த லிங்க் முழுச் சொல்லோடுதான் பொருந்தும். பக்கத்தில் ‘வீடுகளில்’ என்று இருக்கையில் ‘வீடு’ என்று கொடுத்தால் பொருந்தாது. ஒட்டி எழுதும் வழக்கம் உள்ள நமக்கு இது அடிக்கடி கடிக்கும்.

நூல்கண்டு சொன்ன ‘முன்னும் பின்னும் 32 எழுத்து’ கணக்கும் குறியீட்டுக் கணக்குதான். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் தமிழில் அது மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வராது. ‘என்று அவர் கூறினார்’ போலப் பத்து இடத்தில் வரும் தொடரை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறிப்புப் போட்டால், பக்கம் கொஞ்சம் மாறியதும் வேறொரு ‘கூறினார்’ மேல் போய் உட்கார வாய்ப்புண்டு. தமிழ்ப் பக்கங்களில் குறைந்தது ஒரு முழு வாக்கியமாவது தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தை க-வோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், க-வோடு ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு முதலாவது 2 குறியீடு, இரண்டாவது 3. யூனிகோடு இரண்டையும் சமமாகக் கருதச் சொல்கிறது, ஆனால் எல்லாக் கருவியும் தேடுவதற்கு முன் சமப்படுத்துவதில்லை. உங்கள் குறிப்புகளில் ‘கொள்கை’ என்று தேடி, இருப்பது தெரிந்தும் கிடைக்கவில்லையென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஏற்றுமதி செய்த கோப்பை என்எஃப்சி (இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கும் யூனிகோடு) வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் தீரும். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை.

இனி பிடிஎஃப். தட்டச்சு செய்தது குவியலாக வருகிறதென்றால் அது பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்யப்பட்டிருக்கும். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். ஹைலைட் இடத்தில் சரியாக விழும், மேற்கோள்தான் குப்பை. யூனிகோடில் செய்த சில பிடிஎஃப்களிலும் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று சிதறி வரும். இந்த இரண்டு வகைக்கும் ஜோட்டெரோவில் வரியைத் தேர்ந்தெடுக்காமல், பகுதியைப் படமாக வெட்டும் கருவியால் சட்டம் போட்டு எடுங்கள். கருத்துப் பெட்டியில் முக்கியமான இரண்டு சொல்லைத் தட்டச்சு செய்து வையுங்கள், பின்னால் தேட உதவும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மேற்கோளை எழுத்துரு மாற்றியில் போட்டும் மீட்கலாம்.

ஸ்கேனுக்கு எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் நிரல்) வேண்டும். டெஸராக்ட் என்ற எழுத்துணரியில் தமிழ் இருக்கிறது. அதை வைத்து ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரல், ஸ்கேன் படத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் அடியில் எழுத்து அடுக்கு ஒன்றை ஒட்டிக் கொடுக்கும். மொழியாகத் தமிழைக் குறிப்பிட மறக்கக் கூடாது. மறந்தால் ஆங்கிலமாக வாசித்து மறுபடியும் குவியல்தான். மூல ஸ்கேன் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருந்தால் ஓரளவு தேறும், மங்கலான பழைய அச்சில் பிழைகள் வரத்தான் செய்யும். கோடிடுவதற்கு அது போதும், மேற்கோளைச் சரிபார்க்காமல் எங்கும் ஒட்டாதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் எழுத்துணரி, அடுத்து கோப்பை ஐந்து பேருக்கும் கொடுப்பது, அதற்குப் பிறகுதான் குறிப்பு. ஹைப்பாதிசிஸ் பிடிஎஃபை முகவரியால் மட்டும் பார்ப்பதில்லை, கோப்புக்குள் இருக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தையும் பார்க்கிறது. அதனால்தான் ஐந்து பேர் ஐந்து கணினியில் ஒரே கோப்பைத் திறந்தாலும் ஒரே குறிப்புகள் தெரியும். எழுத்துணரி ஓட்டியதும் இந்த அடையாளம் மாறிவிடலாம். மாறினால் பழைய கோப்பில் போட்டவை புதியதில் வராது. கணினியில் இருக்கும் கோப்பைத் திறக்க, குரோமின் எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் ‘அலௌ ஆக்சஸ் டு ஃபைல் யூஆர்எல்ஸ்’ என்ற விசையை இயக்கியிருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் வலையில் உள்ள பிடிஎஃபில் வேலை செய்யும், உங்கள் கோப்பில் செய்யாது.

நூல்கண்டு:

உயிர்மெய் சொன்ன 32 குறியீட்டு விஷயம் அருமை, என் பதிலில் விட்டுப்போனது.

கரையானுக்கு ஒரு மறுப்பு. ஜோட்டெரோ குழு நூலகத்தில் கோடிட முடியும், யார் போட்டது என்றும் தெரியும். ஆனால் ஒரு குறிப்புக்குக் கீழே பதில், அதற்குப் பதில் என்று இழையாக நீட்ட முடியாது. இவர்கள் கேட்டதே அதைத்தான். ஐந்து பேர் வாதாடும் இடத்துக்கு ஹைப்பாதிசிஸ்தான் பொருந்தும். வாதம் முடிந்ததும் எடுத்துப் பத்திரப்படுத்துவது வேறு வேலை.

எடுக்கும் வழி: பட்டியின் மேலே பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் ‘எக்ஸ்போர்ட்’ தாவல் வரும். ஜேசான் (நிரல்கள் படிக்கும் வடிவம்), வெறும் எழுத்து, சிஎஸ்வி (அட்டவணை), ஹெச்டிஎம்எல் என்று வடிவம் கேட்கும். இரண்டு வடிவத்தில் எடுங்கள். ஹெச்டிஎம்எல் நீங்கள் வாசிக்க, ஜேசான் திரும்ப ஏற்ற. ஜேசானை இன்னொரு குழுவில் இறக்குமதி செய்யலாம், ஆனால் இறக்குமதி செய்தவரின் பெயரில்தான் வரும். எனவே அதைக் காப்புப் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள், குழுவை இடம் மாற்றும் வழியாக நினைக்காதீர்கள். இந்த ஏற்றுமதி திறந்திருக்கும் ஒரு பக்கத்துக்கு, தேர்ந்தெடுத்த ஒரு குழுவுக்கு மட்டும். எல்லாப் பக்கத்தையும் ஒரேயடியாக எடுக்க ஏபிஐதான் (நிரல் வழியாகத் தரவு கேட்கும் வாசல்) வழி. கணக்குப் பக்கத்தில் டோக்கன் (அனுமதிக் குறியீடு) எடுத்து, குழு அடையாளத்தைக் கொடுத்துத் தேட வேண்டும். ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 200 குறிப்பு, மீதியை அடுத்தடுத்த அழைப்பில். டோக்கன் பாஸ்வேர்டுக்குச் சமம், பொதுக் கோப்பில் ஒட்டி வைக்காதீர்கள்.

கரையான்:

இழை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேலையைப் பிரியுங்கள்: கட்டுரையைத் தேர்ந்தெடுத்தவர் ஜோட்டெரோவில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கட்டும், விவாதம் ஹைப்பாதிசிஸில் நடக்கட்டும், முடிந்ததும் ஹெச்டிஎம்எல் ஏற்றுமதியை அதே ஜோட்டெரோ பதிவின் கீழே இணைப்பாகப் போடட்டும். மூலம், விவாதம் இரண்டும் ஒரே இடம்.

கடைசியாக எக்ஸ்டென்ஷன் அனுமதி. கோடிடும் கருவிகளில் பல ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவை வாசிக்க, மாற்ற’ அனுமதி கேட்கும். பக்கத்தின் மேல் எழுத அது தேவைதான், ஆனால் வங்கிப் பக்கத்திலும் அது விழித்திருக்க வேண்டியதில்லை. குரோமில் எக்ஸ்டென்ஷன் விவரத்துக்குள் தள அணுகலை ‘ஆன் கிளிக்’ என்று மாற்றினால், பொத்தானை அழுத்திய பக்கத்தில் மட்டும் இயங்கும். அதிகம் பேர் கேள்விப்படாத புதுக் கருவிகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஓரக்குறிப்பு:

பிரித்துச் செய்யும் யோசனை எங்களுக்குப் பொருந்துகிறது. ஒரே ஒரு கேள்வி: எங்கள் பொதுக் கோப்பு கூகுள் டாக்ஸில் இருக்கிறது. அதன் மேலேயே ஹைப்பாதிசிஸ் போட முடியுமா? வரியைத் தேர்ந்தெடுத்தால் பொத்தானே வரவில்லை.

நூல்கண்டு:

வராது. கூகுள் டாக்ஸ் எழுத்தைச் சாதாரண ஹெச்டிஎம்எல்லாக வைக்காமல் கேன்வாஸில் படம் மாதிரி வரைகிறது. பிரவுசருக்கு அங்கே தேர்ந்தெடுக்க எழுத்தே இல்லை. கோப்பு மெனுவில் ‘பப்ளிஷ் டு வெப்’ கொடுத்தால் வரும் பக்கம் சாதாரண ஹெச்டிஎம்எல்தான், அதில் போடலாம், ஆனால் அந்த லிங்க் கிடைத்த எவரும் படிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே விட விருப்பமில்லையென்றால் பிடிஎஃபாக இறக்கி, அந்த ஒரே கோப்பை ஐவருக்கும் அனுப்புங்கள். ஆளுக்கொரு தடவை தனித்தனியாக இறக்கினால் ஐந்தும் வேறு வேறு கோப்பாகிவிடலாம்.